தண்ணீரின் உயரம்

லோசே என் உள்ளங்கையில் வைத்தது
ஒரு பெரிய மாத்திரை அளவுதான்.
சிலிக்கான் தோல், உள்ளே சென்சார்,
வால்போல ஒரு மெல்லிய கம்பி.
"நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை"
என்றவள் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்
முதுகு காட்டி நின்றாள்.

ஐந்து பிள்ளைகள் வந்த வழி.
ஐந்து முறையும் யார் யாரோ எட்டிப் பார்த்த வழி.
எவ்வளவு தாங்குகிறது என்று
ஒருவரும் கேட்டதில்லை.

நான் தபால்காரி.
லோகன் நகரத் தெருக்களில் பதினேழு வருடம்.
நாயைவிடத் தும்மலுக்குப் பயந்தவள்.
எந்த பெட்ரோல் நிலையத்தில்
கழிப்பறைச் சாவி யார் கையில் என்பது மனப்பாடம்.
மாற்றுக் கால்சட்டை ஒன்று
வண்டி இருக்கைக்கு அடியில் எப்போதும் இருக்கும்,
'அவசரம்' என்று முத்திரை குத்திய உறைக்குள்.

பத்து பவுண்டுக்கு மேல் தூக்காதே என்றார் டாக்டர்.
ஒரு கேலன் பால் வரைக்கும் சரியாம்.
எங்கே அளந்தீர்கள் என்று கேட்டேன்.
வழக்கமாக அப்படித்தான் சொல்வது, என்றார்.
கடைக்குட்டி அப்போது இருபத்தாறு பவுண்டு.
அவன் பால் இல்லை,
தூக்காவிட்டால் அழுவான்.

லோசே சொல்லச் சொல்லச் செய்தேன்.
நடந்தேன். ஓடினேன். குந்தி எழுந்தேன்.
பெட்டியைத் தரையிலிருந்து மேசைக்கு.
மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் மேலே.
குதிக்கச் சொல்லுமுன் கேட்டாள்,
"பேட் வைத்திருக்கிறீர்கள்தானே?"
வெளியே பனி நின்றுவிட்டதா என்று
கேட்பவளைப் போல.

திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கியது.
"என்ன அலகு?"
"சென்டிமீட்டர் தண்ணீர்."
"எந்தத் தண்ணீர்?"
"ஒரு குழாயில் அவ்வளவு உயரத்துக்கு நிறுத்தினால்
அடியில் எவ்வளவு கனக்குமோ, அது."

சும்மா நிற்கும்போதே முப்பது,
ஒரு பள்ளிக்கூட அளவுகோல்.
பெட்டி தூக்கியபோது அறுபது சொச்சம்,
சமையலறை ஸ்டூல்.
இருமியபோது நூற்றுப் பத்து,
போன வாரம் கதவு நிலையில்
கடைக்குட்டிக்குப் பென்சிலால் போட்ட கோடு.
ஒரே இருமலில்
அவன் உயரத் தண்ணீர் எழுந்து நின்று
இறங்கிப் போயிருக்கிறது.

இடுப்புத் தளம் என்கிறாள் அதை.
எத்தனை தரை துடைத்திருப்பேன்.
எனக்குள்ளும் ஒரு தரை இருப்பது
நாற்பத்து நான்கு வயதில் தெரிகிறது.

பிறகு கோட்டைப் பின்னோக்கி இழுத்து
ஓரிடத்தில் விரல் வைத்தாள்.
பத்து ஐம்பத்திரண்டு. நூற்று நாற்பத்தெட்டு.
அன்றைக்கு அதுதான் உச்சம்.
"அப்போது என்ன செய்தீர்கள்?"
ஒன்றும் செய்யவில்லை. படுத்திருந்தேன்.
பட்டியலைப் பார்த்தாள். ஓய்வு என்று இருந்தது.
நான் யோசித்தேன்.
பக்கத்து அறையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்,
தும்மல் வந்தது,
மரியாதைக்கு மூக்கைப் பிடித்து
விழுங்கிவிட்டேன்.

அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினாள், 'அடக்கிய தும்மல்'.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
இது உங்கள் ஒருத்தியின் எண்தான்,
விதி இல்லை, என்றாள்.
அப்படியானால் அந்தப் பால்?
"தெரியாது. அதற்காகத்தான் அளக்கிறோம்."

தெரியாது என்று
ஒரு வெள்ளைக் கோட்டு சொல்லி
அன்றுதான் கேட்டேன்.

மதியம் வேலைக்குத் திரும்பினேன்.
மலைக்கும் மலைக்கும் நடுவே
ஜனவரி மூட்டம் மூடிபோட்டுக் கிடந்தது.
நானூற்றுப் பதினெட்டாம் எண் வீட்டுக்கு
நாய்த்தீனி மூட்டை.
மூச்சை விட்டுக்கொண்டே தூக்கினேன்,
அப்படிச் செய்து பாருங்கள் என்றிருந்தாள்.

வேலியோரம் தும்மல் வந்தது.
பிடிக்கவில்லை.
தெரு முழுக்கக் கேட்டது,
தீனிக்காகக் காத்திருந்த நாய்
வீட்டுக்குப் பின்னால் ஓடியது.
கொஞ்சம் கசிந்தது.
எழுபது இருக்கும் என்று
நானே போட்டுக்கொண்டு
அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.